மஞ்சளாகும் நல்லமிளகுக் கொடி: நுண்ணோக்கி சொல்லும் பதில்

கேள்வி: எங்கள் விளையில் அயனி, பலா மரங்களில் ஏற்றிவிட்ட நல்லமிளகுக் கொடிகள் மூன்று ஆண்டுகளாக மஞ்சளாகி, கணுக்கணுவாக உதிர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போகின்றன. கடையில் கொடுத்த பூஞ்சாண மருந்தை மூன்று முறை ஊற்றியும் பலன் இல்லை. வேரை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்கிறார்கள். நுண்ணோக்கியில் எத்தனை வகை உண்டு? எது எதற்கு உதவும்? எங்கள் உழவர் குழு சேர்ந்து ஒன்று வாங்கலாமா?
- வாசகர், பேச்சிப்பாறை

பதில்: மூன்று முறை பூஞ்சாண மருந்து ஊற்றியும் கொடி தேறவில்லை என்றால், இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். மருந்து ஊற்றிய காலம் பிந்தியிருக்கலாம். அல்லது, நோய்க்குக் காரணம் பூஞ்சாணமே இல்லாமல் இருக்கலாம். நல்லமிளகில் இந்த இரண்டாவது காரணம்தான் பல தோட்டங்களில் கவனிக்கப்படாமல் போகிறது. கொடி நட்டுக் காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் ஆகும். அப்படி வளர்த்த கொடிக்கு நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து ஊற்றினால், மருந்துச் செலவோடு கொடியும் போய்விடும்.

இரண்டு வாடல், இரண்டு எதிரிகள்

மிளகில் விரைவு வாடல், மெது வாடல் என்று இரண்டு நோய்கள் உண்டு. விரைவு வாடலை உண்டாக்குவது பைட்டோப்தோரா என்ற நீர்ப் பூஞ்சாணம். இடவப்பாதி மழை பிடித்த பிறகு, ஜூன் முதல் செப்டம்பர் வரை இதன் ஆட்டம் அதிகம். மண்ணை ஒட்டிப் படரும் இளங்கொடியின் இலைகளில் கரும்புள்ளிகள் விழும். புள்ளியின் ஓரம் நூல் பிரிந்ததுபோல் சிதறித் தெரியும். அடித்தண்டு கறுத்து அழுகினால், கொடி இரண்டு மூன்று வாரங்களில் வாடி விழுந்துவிடும்.

மெது வாடல் அப்படி வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஈரம் குறையத் தொடங்கும்போது இலைகள் மஞ்சளாகும். கோடையில் உதிர்வு கூடும். அடுத்த மழையில் கொடி சற்றுத் துளிர்த்து, பிழைத்துவிட்டது என்று ஆசை காட்டும். அடுத்த கோடையில் மறுபடி மஞ்சளாகும். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடி பட்டுப்போகும். இதில் முக்கியக் குற்றவாளி நூற்புழு. வேர்முடிச்சு நூற்புழு, வேர்குடையும் நூற்புழு ஆகிய இரண்டும் மிளகு வேரைத் தாக்குகின்றன. கேள்வியில் சொல்லியிருக்கும் அறிகுறிகள் இந்த மெது வாடலோடுதான் பெரிதும் ஒத்துப்போகின்றன.

ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பைட்டோப்தோரா அடித்தண்டை விட்டுவிட்டுச் சல்லிவேரை மட்டும் அழுகச் செய்தால், அப்போதும் கொடி மெதுவாகத்தான் மஞ்சளாகும். நூற்புழு கடித்த காயத்தின் வழியே பூஞ்சாணம் நுழைந்து இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. நீர் தேங்கினாலும், சத்துக் குறைந்தாலும், வேரில் மாவுப்பூச்சி அப்பினாலும் கொடி மஞ்சள்தான். இலையின் நிறம் 'நோய் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். யார் செய்தது என்பதை வேர்தான் சொல்லும். அதைக் கேட்க நுண்ணோக்கி வேண்டும்.

நூற்புழுவைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இந்தோனேசியாவின் பாங்கா தீவில் வேர்குடையும் நூற்புழுவால் வந்த மஞ்சள் நோயில், சுமார் 20 ஆண்டுகளில் 2 கோடியே 20 லட்சம் மிளகுக் கொடிகள் அழிந்ததாக நூற்புழு அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கண்ணுக்கு எட்டாத அளவுகள்

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். வெறுங்கண்ணின் எல்லையும் அவ்வளவுதான். வேர்குடையும் நூற்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஆனால் பருமன் 20, 25 மைக்ரான்தான். உடலும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. அதனால் கண்ணுக்குத் தெரியாது. பைட்டோப்தோராவின் வித்துப்பை சில பத்து மைக்ரான் நீளம். பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான். வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. தேடும் பொருளின் அளவைப் பொறுத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த வகை எதற்கு?

கைலென்ஸ்: 10 முதல் 20 மடங்கு பெரிதாக்கும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இலைப்பேன், அசுவினி, சிவப்புச் சிலந்தி, மாவுப்பூச்சி, வேரில் உள்ள முடிச்சுகள் ஆகியவற்றைப் பார்க்க இதுவே போதும். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, இலையை அதன் அருகே கொண்டுவந்தால் தெளிவாகத் தெரியும். இலையை எட்டப் பிடித்து லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டுவது பயன் தராது.

இருகண் நுண்ணோக்கி: ஸ்டீரியோ நுண்ணோக்கி என்று ஆய்வுக்கூடங்களில் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் 10 முதல் 40 மடங்கு வரை. பொருளைச் சீவாமல், நசுக்காமல், அப்படியே மேடையில் வைத்து மேடு பள்ளத்தோடு பார்க்கலாம். பூச்சிகளை இனம் காணவும், நீரில் நெளியும் நூற்புழுவைப் பார்த்து எண்ணவும் இதுவே ஏற்றது. தென்னையின் ஈரியோபிட் சிலந்தியை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 1998-ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளுக்கும் பரவிய இந்தச் சிலந்தி 200 முதல் 250 மைக்ரான் நீளம்தான். குரும்பையின் தொட்டிதழை நீக்கி, அடியில் உள்ள வெண்பகுதியை இந்தக் கருவியில் வைத்தால் கூட்டம் கூட்டமாக ஊர்வது தெரியும். காயில் பழுப்புத் தழும்பு வந்த பிறகு பார்ப்பதைவிட, இளங்குரும்பையில் பார்ப்பதே பயன் தரும்.

கூட்டு நுண்ணோக்கி: பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் பார்ப்பது. 40 முதல் 1,000 மடங்கு வரை. ஒளி பொருளின் ஊடே புகுந்து வர வேண்டும் என்பதால், மெல்லிய சீவலாகவோ ஒரு துளி நீரிலோதான் பொருளை வைக்க முடியும். பூஞ்சாண இழை, வித்து, நூற்புழுவின் வாய் ஊசி, பாக்டீரியா ஆகியவற்றுக்கு இது வேண்டும்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி: ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றையால் பார்ப்பது. 1931-ல் ஜெர்மனியில் மேக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் உருவாக்கினார்கள். ரஸ்காவுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண ஒளி நுண்ணோக்கி 0.2 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அதற்கும் கீழே உள்ள வைரஸ்களை இந்தக் கருவியில்தான் பார்க்க முடியும். பெரிய ஆய்வு நிறுவனங்களில் மட்டும் இருக்கும்.

கூட்டு நுண்ணோக்கியின் உறுப்புகள்

கண்ணை வைத்துப் பார்க்கும் மேல்முனையில் கண்ணருகு லென்ஸ் இருக்கும். வழக்கமாக இது 10 மடங்கு. குழலின் கீழே சுழலும் வட்டில் 4, 10, 40, 100 மடங்குப் பொருளருகு லென்ஸ்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது மொத்தப் பெருக்கம். 10-ம் 40-ம் என்றால் 400 மடங்கு. 100 மடங்கு லென்ஸைப் பயன்படுத்தும்போது கண்ணாடித் தகட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே அதற்கென உள்ள எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். பார்த்து முடித்ததும் லென்ஸ் துடைக்கும் தாளால் துடைத்துவிட வேண்டும்.

நடுவில் மேடை. கண்ணாடித் தகட்டைப் பிடித்துக்கொள்ள அதில் கவ்விகள் இருக்கும். மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் இதழ்த்திரையும் உண்டு. அதற்கும் கீழே விளக்கு அல்லது ஆடி. பக்கவாட்டில் பெரிய திருகும் சிறிய திருகும் இருக்கும்.

எப்போதும் 4 மடங்கில் தொடங்க வேண்டும். பெரிய திருகால் உருவத்தைப் பிடித்து, சிறிய திருகால் தெளிவாக்கி, பிறகுதான் 10-க்கும் 40-க்கும் போக வேண்டும். 40-க்குப் போன பின் பெரிய திருகைத் தொடவே கூடாது. தொட்டால் லென்ஸ் தகட்டில் இடித்து இரண்டில் ஒன்று உடையும். நூற்புழுவும் பூஞ்சாண இழையும் நிறமற்றவை என்பதால், இதழ்த்திரையைச் சற்று மூடி ஒளியைக் குறைத்தால்தான் விளிம்பு தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஒளியைக் கூட்டிக் கூட்டி, எதிரில் இருப்பதையே காணாமல் விடுவார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி முடிவு

எவ்வளவு நல்ல நுண்ணோக்கியும் கொண்டுவந்த வேரைத்தான் காட்டும். முழுதும் பட்டுப்போன கொடியின் வேரில் நூற்புழு இருக்காது. உயிருள்ள வேர் தேடி அது போயிருக்கும். அழுகிப்போன வேரிலோ, அழுகலைத் தின்ன வந்த பூஞ்சாணங்களும் புழுக்களுமே நிறைந்திருக்கும். குற்றம் செய்தவன் போய், வேடிக்கை பார்க்க வந்தவன் அகப்படுவான்.

அதனால் மஞ்சளாகத் தொடங்கிய, இன்னும் உயிருள்ள ஐந்தாறு கொடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூரிலிருந்து சற்றுத் தள்ளி, 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சல்லிவேரையும் அதைச் சுற்றிய மண்ணையும் எடுத்துக் கலந்து, கால் கிலோ மண்ணும் ஒரு கைப்பிடி சல்லிவேரும் ஒரு பையில் போட வேண்டும். நல்ல நிலையில் உள்ள கொடியிலிருந்தும் இதேபோல் ஒரு பை தனியே எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பாலித்தீன் பையில் ஈரம் போகாமல் கட்டி, நிழலில் வைத்து, அன்றோ மறுநாளோ கொண்டுசேர்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த மண்ணாலும், மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெந்த மண்ணாலும் பயனில்லை. பையில் தேதி, பயிர், வயது, நோய் தொடங்கிய மாதம், ஊற்றிய மருந்து ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்ட விவசாயிகள் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ முதலில் அணுகலாம். நூற்புழு ஆய்வுக்கென்றே கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை இருக்கிறது. எந்த ஆய்வு எங்கே செய்யப்படும், எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மாதிரி எடுப்பது நல்லது.

ஆய்வுக்கூடத்தில் என்ன பார்ப்பார்கள்?

நறுக்கிய வேரை, நீர் ஊற்றிய தட்டில் வலைமேல் விரித்த மெல்லிய தாளில் வைப்பார்கள். ஒன்றிரண்டு நாட்களில் உயிருள்ள நூற்புழுக்கள் தாளைத் தாண்டி நீரில் இறங்கிவிடும். அந்த நீரை இருகண் நுண்ணோக்கியில் வைத்தால் நெளிவது தெரியும். ஆனால் நெளிவதெல்லாம் பயிரின் எதிரி அல்ல. மண்ணில் வாழும் நூற்புழுக்களில் பல பாக்டீரியாவைத் தின்று வாழ்பவை. மண்ணுக்கு நன்மை செய்பவை. பயிரைத் தாக்கும் புழுவின் வாயில் வேரைக் குத்தி உறிஞ்ச ஒரு ஊசி இருக்கும். அதைக் கூட்டு நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். வேர்முடிச்சு நூற்புழு என்றால், முடிச்சைப் பிளந்து பேரிக்காய் வடிவப் பெண்புழுவைக் காண்பார்கள். பைட்டோப்தோரா என்றால், எலுமிச்சை வடிவ வித்துப்பையையும், அதிலிருந்து வெளிவந்து நீரில் நீந்தும் வித்துகளையும் காண்பார்கள்.

இந்த நீந்தும் வித்துகளுக்கு மழைநீர்தான் வாகனம். இதைத் தெரிந்துகொண்டால், மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பது தானே விளங்கும். இலங்கையில் 1869-ல் காப்பித் தோட்டங்களைத் தாக்கிய இலைத்துரு நோயின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1880-ல் அங்கே போன மார்ஷல் வார்டு நுண்ணோக்கியின் துணையோடு ஆராய்ந்து, காற்றில் வரும் வித்து ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே புகுகிறது என்று காட்டினார். நுழைந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, நுழையும் முன்பே தடுக்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பி இருந்த மலைகளில் தேயிலை வந்தது. அங்கே போன தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்க்கையும் காப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது. போர்டோ கலவையின் பயனைப் பிரான்சில் மில்லார்டே வெளியிட்டது 1885-ல்தான்.

முடிவு தெரிந்தபின் செய்ய வேண்டியவை

பைட்டோப்தோரா என்று வந்தால்: பட்ட கொடியை வேரோடு எடுத்து எரிக்க வேண்டும். மண்ணில் படரும் இளங்கொடிகளைக் கட்டிவிடவோ நீக்கவோ வேண்டும். தூரில் நீர் தேங்கக் கூடாது. மழை பிடிக்கும் முன்னும், ஆகஸ்ட், செப்டம்பரில் மழை சற்று ஓயும்போதும் 1 சதவீதப் போர்டோ கலவையை இலைகளில் தெளிக்க வேண்டும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்பது அளவு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பளபளப்பான கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தூரில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் ஊற்றலாம்.

நூற்புழு என்று வந்தால்: பூஞ்சாணக்கொல்லியை எத்தனை முறை ஊற்றினாலும் நூற்புழு சாகாது. கொடிக்கு 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு, மக்கிய தொழு உரத்தோடு இட வேண்டும். நூற்புழுவின் முட்டையை அழிக்கும் பர்ப்யூரியோசில்லியம், பொக்கோனியா போன்ற நன்மை செய்யும் பூஞ்சாணங்களைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி தொழு உரத்தில் கலந்து இடலாம். முன்பு பரிந்துரைக்கப்பட்ட போரேட் குருணை இப்போது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பை யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வேர் பெரிதும் கெட்டுவிட்ட கொடியைக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, அதை நீக்கிவிட்டு அடுத்த கொடியைக் காப்பதே மேல்.

வேர்குடையும் நூற்புழு வாழை, தென்னை, கமுகு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றிலும் வாழும். மிளகுக்கு நடுவே ஏத்தன் வாழை போட்டிருந்தால், அந்த வேரையும் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். புதுக் கன்று வாங்கும்போது ஒரு பையைப் பிரித்து வேரைக் கைலென்ஸால் பார்த்து வாங்க வேண்டும். வேரில் முடிச்சு இருந்தால் வாங்கக் கூடாது. நாற்றங்கால் மண்ணோடு வரும் நூற்புழு, நட்ட குழியிலேயே குடியேறிவிடும்.

குழுவாக வாங்கலாமா?

வாங்கலாம். ஆளுக்கொரு கைலென்ஸும், குழுவுக்கு ஒரு இருகண் நுண்ணோக்கியும் போதும். மாணவர்கள் பயன்படுத்தும் கூட்டு நுண்ணோக்கி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தாலும், அதில் தெரிவதை இனம் காணப் பயிற்சி வேண்டும். தகட்டில் அகப்பட்ட காற்றுக்குமிழியை, கறுத்த விளிம்போடு வட்டமாகத் தெரிவதால், பூஞ்சாண வித்து என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு.

கணினியில் மாட்டும் கருவிகளில் '1,000 மடங்கு', '1,600 மடங்கு' என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். படத்தைத் திரையில் பெரிதாக்குவது வேறு, நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவது வேறு. செல்போனில் எடுத்த படத்தை விரலால் விரித்துப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அதுபோலத்தான். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட 'ஃபோல்டுஸ்கோப்' என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்குதான் என்றாலும், 2 மைக்ரான் நுணுக்கம் வரை காட்டக்கூடியது. பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகிப் பார்க்க அது நல்ல தொடக்கம்.

பேச்சிப்பாறை போல மழை மிகுந்த பகுதியில் ஒரு எச்சரிக்கை. ஈரமான அறையில் பூட்டி வைத்த கருவியின் லென்ஸிலேயே பூஞ்சாணம் படரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். சிலிக்காவை அவ்வப்போது சூடாக்கி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வாழையில் முடிக்கொத்து நோய் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முடியுமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: ஒளி நுண்ணோக்கியில் அந்த வைரஸ் தெரியாது. அதன் அளவு ஒரு மைக்ரானில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இந்த நோய்க்கு அறிகுறியே போதிய சாட்சி. இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். புது இலைகள் குறுகி, விறைத்து, நுனியில் கொத்தாக நிற்கும். கைலென்ஸால் பார்க்க வேண்டியது வைரஸைப் பரப்பும் கருநிற அசுவினியை. இலையுறையின் அடியிலும் குருத்திலும் கூட்டமாக இருக்கும். நோய் கண்ட வாழையை முதலில் வெட்டினால் அசுவினி அடுத்த வாழைக்கு ஓடிவிடும். அசுவினியைக் கட்டுப்படுத்திய பிறகே கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அந்தத் தூரிலிருந்து பக்கக்கன்று எடுக்கவே கூடாது.

கேள்வி: நுண்ணோக்கி இல்லாமல் வாடல் நோயைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
- வாசகர், திருவட்டாறு

பதில்: பாக்டீரியா வாடலுக்கு மட்டும் ஒரு எளிய வழி உண்டு. வாடிய இஞ்சி, தக்காளி, கத்தரி ஆகியவற்றின் அடித்தண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுனை நீரில் படும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா. இறங்காவிட்டால் பூஞ்சாணமோ நூற்புழுவோ காரணமாக இருக்கலாம். அப்போது மருந்துக் கடைக்குப் போகும் முன் வேரையும் மண்ணையும் ஆய்வுக்குக் கொண்டுபோவதே செலவு குறைந்த வழி.